கோச்சிங்குக்கு எழுபதாயிரம் கட்டலாமா?

வாசகர் கேள்வி பதில்

மேல்படிப்பு நுழைவுத் தேர்வுகள் பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வாட்ஸ்அப்பிலும் தபாலிலுமாக வந்ததில் முக்கால்வாசி வடசென்னைக் கேள்விகள். நானும் தண்டையார்பேட்டைக்காரன்தான், ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குப் போட வைப்பவன், அதனால் இந்தக் கேள்விகள் எல்லாமே எனக்குத் தெரிந்த முகங்கள் கேட்பதுபோல இருந்தன. பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கேட், சீட்டா, ஜிஆர்இ மூன்றையும் எழுதிவிடு, எதிலாவது மாட்டும் என்கிறார்கள் நண்பர்கள். கேட் கோச்சிங்குக்கு மட்டும் எழுபதாயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா சார்?
*– மாணவர், கொருக்குப்பேட்டை*

கட்டாதீங்க தம்பி. குறைந்தது இந்த மாதம் கட்டாதீங்க.

முதலில் மூன்றும் ஒரே வீட்டின் மூன்று கதவு இல்லை, மூன்று வேறு வீடு. கேட் தேர்வை பெங்களூரு ஐஐஎஸ்சியும் ஏழு ஐஐடிகளும் முறை வைத்து நடத்துகின்றன. ஐஐடி எம்.டெக்குக்கு அதுதான் வழி, சில பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்தே வேலைக்கும் எடுக்கின்றன, ஒரு முறை வாங்கிய மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். சீட்டா நம்ம அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக் சேர்வதற்கு. முன்பு அதே பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வுக்குள்ளேயே இருந்தது, 2023இல் தனியாகப் பிரித்தார்கள். கேட்டுக்கு ஒழுங்காகப் படித்தவருக்கு சீட்டாவுக்கென்று தனியாகப் பெரிதாக ஒன்றும் படிக்க வேண்டியிருக்காது, கடைசி இரண்டு வாரம் பழைய தாள்களைப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஜிஆர்இ வேறு சங்கதி, அமெரிக்கா மாதிரி வெளிநாடுகளில் மேல்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுவது. கட்டணமே இருபதாயிரத்தைத் தாண்டும், அது வெறும் ஆரம்பம். அதற்குப் பின்னால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம், விசா, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை என்று வால் நீண்டுகொண்டே போகும். மதிப்பெண் ஐந்து வருஷத்துக்குத்தான். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் நிறைய துறைகள் ஜிஆர்இயே கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. அதனால் அடுத்த இரண்டு வருஷத்துக்குள் வெளிநாடு என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு எடுத்திருந்தால் மட்டும், அதுவும் நீங்கள் போக நினைக்கும் துறையின் பக்கத்தில் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். "எதிலாவது மாட்டும்" என்பது காசிமேட்டில் வலை வீசுபவருக்கே சரிப்படாத யோசனை, அவர்களும் எந்த மீனுக்கு எந்த வலை என்று பார்த்துத்தான் எடுத்துப் போகிறார்கள்.

சரி, கேட்தான் என்று வைத்துக்கொள்வோம். 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறன், உங்கள் பாடத்தில் சுமார் 13 பொறியியல் கணிதம். ஆக 28 மதிப்பெண்ணுக்குத் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைத் தொடவே வேண்டாம், ஆனால் நம்ம பிள்ளைகள் அதைத்தான் ஜனவரி கடைசிக்குத் தள்ளி வைப்பார்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே சும்மா கிடைக்கின்றன. இந்த ஞாயிறு காலை போன வருஷத்துத் தாளை எடுங்கள், போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுங்கள். இருபதோ இருபத்தைந்தோ வரும், பயப்பட வேண்டாம், முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். தவறாய்ப் போன, விட்டுப்போன ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள்: தெரியாததற்கு "தெ", தெரிந்தும் கை தவறியதற்கு "க", நேரம் போதாததற்கு "நே". ஐந்து தாள் இப்படிப் போட்டால் உங்கள் ஜாதகம் தெரிந்துவிடும். "தெ" நிறைய இருந்தால் படிக்க வேண்டும், அதற்கு என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசம். "க" நிறைய இருந்தால் எழுபதாயிரம் இல்லை, ஏழு லட்சம் கட்டினாலும் எந்த கோச்சிங்கும் திருத்தாது, நீங்கள்தான் மெதுவாகப் போட்டுப் பழக வேண்டும். "நே" என்றால் கடிகாரத்தோடு பழக வேண்டும். இரண்டையும் மாதிரித் தேர்வுகளால்தான் சரிசெய்ய முடியும், அதற்கு மட்டும் கொஞ்சம் பணம் கட்டலாம், முழு வகுப்புக்குக் கட்டுவதில் அது ஒரு சின்னப் பங்குதான்.

கோச்சிங் யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் உட்கார வைத்தால்தான் உட்காருவேன் என்கிற ஆட்கள் உண்டு (நான் அந்த ரகம்தான்), அவர்களுக்கு அந்தக் காசு நாற்காலிக்கான வாடகை. என் காலத்தில் நான் கட்டிய இடத்தில் கொடுத்தது ஒரு கட்டு ஜெராக்ஸ், நடத்தியது கல்லூரியில் நடத்திய அதே பாடம், ஒரு தாளைக்கூட முழுதாக எழுத வைக்கவில்லை. முதல் தடவை நான் கோட்டை விட்டது அதனால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை, ஆனால் பாதிக் காரணம் மின்ட் தெருவில் கேரம் போர்டு.

இன்னொன்று, அப்பாவிடம் சொல்ல உதவும். கேட் வழியாக ஐஐடி எம்.டெக் சேர்ந்து உதவித்தொகை கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய். பெரிய பணமில்லை, ஆனால் வீட்டிலிருந்து காசு கேட்காமல் ஒருவர் படித்து முடிக்கலாம்.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா, விட்டுவிடலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
*– வாசகர், வியாசர்பாடி*

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், தேர்வுக்கு ஒரு கணக்கு இருப்பதுதான்.

கேட்டில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தவறினால் அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். ஒரு மதிப்பெண் கேள்வி பன்னிரண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தாயக்கட்டை உருட்டினால் சராசரியாக மூன்று சரி, ஒன்பது தவறு. மூன்று வந்தது, மூன்று போனது, மிச்சம் பூஜ்யம். அதே பன்னிரண்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு விடையை "இது இல்லவே இல்லை" என்று உறுதியாக அடிக்க முடிந்தால், ஆறு சரி, ஆறு தவறு, நான்கு மதிப்பெண் லாபம். ஒன்றே ஒன்றை அடிக்க முடிந்தாலும் கொஞ்சம் லாபம்தான். அதனால் கேட்டில் ஒரு விடையையாவது அடிக்க முடிந்தால் போடுங்கள், ஒன்றுமே தெரியவில்லை என்றால் விடுங்கள், பூஜ்யத்துக்கு எதற்கு நேரம்? எண்ணை நாமே தட்டச்சு செய்யும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உள்ள கேள்விக்கும் அங்கே மைனஸ் கிடையாது, அவற்றைக் காலியாக விடுவது பாவம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடையில் எல்லாவற்றையும் சரியாகத் தொட்டால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடைக்காது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வதற்கான க்யூட் பி.ஜி.யிலும் நீட்டிலும் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று. அதே பன்னிரண்டு உருட்டலில் பன்னிரண்டு வரும், ஒன்பது போகும், மூன்று நிற்கும். இது சராசரிதான், உங்கள் அதிர்ஷ்டத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை. கேட் தேர்வையும் கேட் என்றே சொல்லும் இன்னொரு தேர்வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஐஐஎம்கள் நடத்தும் அந்த எம்பிஏ தேர்வில் சரிக்கு மூன்று, தவறுக்கு ஒன்று, குருட்டு உருட்டலுக்கு அங்கேயும் பூஜ்யம்தான். ஜிஆர்இயில் மைனஸே இல்லை, அங்கே ஒரு கேள்வியைக் காலியாக விட்டு எழுந்து வருபவரை என்ன சொல்வது?

மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. எம்.எஸ்சி.க்கு ஐஐடியில் ஏதோ பரீட்சை இருக்கிறது என்கிறாள். எங்களுடையது ஒரே அறை வீடு, ஆடி மாதம் வந்தால் கோயில் ஸ்பீக்கர், மற்ற நாளில் பக்கத்து வீட்டு டிவி. நான் மீன் வியாபாரம், எனக்கு ஒன்றும் புரியாது. அவளால் முடியுமா?
*– ஒரு அம்மா, காசிமேடு*

முடியுமா என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும் அம்மா, ஆனால் அந்தப் பரீட்சை என்ன என்று நான் சொல்கிறேன். அதன் பெயர் ஜாம். கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல் என்று ஏழு பாடங்களில் நடக்கும், பிப்ரவரியில் வரும், அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தில் பெண்களுக்குப் பாதிதான். நீங்கள் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், இது பெரிய விஷயம், எனக்கு வரும் கடிதங்களில் பாதி விண்ணப்பத் தேதி முடிந்த மறுநாள் எழுதியவை.

மகளிடம் இதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரித் தேர்வில் "நிறுவுக" என்று கேட்பார்கள், தேற்றத்தை மனப்பாடம் செய்தவர் எழுதிவிடலாம். ஜாம் அப்படிக் கேட்காது. ஒரு தொடர் ஒருங்குகிறது (கூட்டிக்கொண்டே போனால் ஒரு எண்ணை நெருங்குகிறது), அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தினால் வரும் தொடரும் ஒருங்குமா? இந்த மாதிரிதான் இருக்கும். எல்லாம் நேர் எண்களாக இருந்தால் ஒருங்கும், குறி மாறி மாறி வந்தால் ஒருங்காமலும் போகலாம், அதற்கு ஒரு உதாரணம் சட்டென்று கைக்கு வர வேண்டும். அதனால் ஒவ்வொரு தேற்றத்தையும் படித்த கையோடு, இதில் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடையும் என்று தேடி, உடையும் உதாரணத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், குலக் கோட்பாடு மூன்றுக்கும் இப்படி ஒரு நோட்டு நிறைந்தால், நான் கோச்சிங் பேச்சையே எடுக்க மாட்டேன்.

ஜாம் மட்டும் எழுதி உட்கார வேண்டாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட் பி.ஜி. உண்டு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தனியாக ஒரு தேர்வு வைக்கிறது, அது கடினம், ஆனால் கணக்கை நேசிக்கும் பிள்ளை என்றால் எழுதாமல் விடக்கூடாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் பணம் வந்துகொண்டிருக்கும் (நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான் 2022 செப்டம்பர் 5 அன்று அதைத் தொடங்கினார்கள்). அதில் நாலைந்து மாதத்துப் பணத்தை விண்ணப்பங்களுக்கென்று எடுத்து வைத்தால் போதும், உங்களிடம் கேட்க வேண்டியிருக்காது.

இடம்தான் உங்கள் உண்மையான பிரச்சினை. நீங்கள் ஏலத்துக்கு விடியுமுன் கிளம்புவீர்கள் இல்லையா, நீங்கள் எழும்போது அவளும் எழுந்துகொள்ளட்டும். அந்த நேரத்தில் எந்த ஸ்பீக்கரும் இல்லை, டிவியும் இல்லை, மூன்று மணி நேரம் முழுதாகக் கிடைக்கும், ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு அவளைத் தூங்க விட வேண்டும், வீட்டில் எல்லோரும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளில் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம் நடக்கும் தூரம். 1896இலிருந்து இருக்கிறது, அங்கே உட்கார்ந்து படித்து மேலே வந்தவர்கள் கணக்கில்லை.

மழையையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் மாடி வகுப்புப் பிள்ளைகளில் நான்கு பேருக்கு ஒரு வாரம் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, புத்தகமும் போனுக்குள். அதனால் நவம்பர், டிசம்பரில் பத்து நாள் படிப்பு நடக்காது என்று முதலிலேயே கழித்துவிட்டு மற்ற நாட்களைத் திட்டமிடட்டும், பழைய வினாத்தாள்களை அச்செடுத்துப் பரண் மேல் வைக்கட்டும்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருஷ அனுபவத்தோடு எம்.எஸ். போகலாம் என்று ஜிஆர்இ படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஆயிரம் வார்த்தை மனப்பாடம் செய்தேன், மாதிரித் தேர்வில் எதுவும் ஏறவில்லை.
*– வாசகர், எண்ணூர்*

ஆயிரம் வார்த்தைப் பட்டியலை மூடி வையுங்கள் நண்பரே. 2023 செப்டம்பரிலிருந்து ஜிஆர்இ சுருங்கிவிட்டது, மொத்தமே 1 மணி 58 நிமிடம். மொழிப் பகுதியில் 27 கேள்விதான், அதில் ஏறக்குறைய பாதி பத்தியைப் படித்துப் பதில் சொல்வது.

உங்களைக் கவிழ்ப்பது தெரியாத வார்த்தை இல்லை, தெரிந்த வார்த்தை. "சாங்ஷன்" என்றால் நமக்கு லோன் சாங்ஷன், அனுமதி. ஜிஆர்இயில் அதே வார்த்தை தண்டனை என்ற பொருளிலும் வரும். "டிஸ்கவுண்ட்" தள்ளுபடி இல்லை, ஒரு கருத்தைப் பொருட்படுத்தாமல் ஒதுக்குவது. "அரெஸ்ட்" போலீஸ் இல்லை, வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது. "குவாலிஃபை" தேர்ச்சி இல்லை, சொன்னதைக் கொஞ்சம் அடக்கி வாசிப்பது. "கிராவிட்டி" நியூட்டன் இல்லை, விஷயத்தின் தீவிரம். இப்படி இரட்டை வேஷம் போடும் வார்த்தைகளை நூறு சேருங்கள், கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம்.

இன்னொரு சிக்கல் தமிழில் படித்த எல்லோருக்கும் உண்டு, யாரும் சொல்வதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் உட்காரும், அதனால் நம் மூளை முடிவு வரும்வரை காத்திருந்தே பழகியது. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், அதற்குப் பிறகு வால் வாலாக ஒட்டிக்கொண்டே போவார்கள், நாம் கடைசி வாலைப் பிடித்துக்கொண்டு அதுதான் முக்கியம் என்று நினைப்போம். ஒவ்வொரு நீண்ட வாக்கியத்திலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் முதலில் பிடியுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம். ஷிப்டு முடிந்து வந்து தினமும் இரண்டு பத்தி, இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கணக்குப் பகுதியில் நீங்கள் இன்ஜினியர் என்ற மிதப்பில் போகாதீர்கள். இரண்டு அளவை ஒப்பிடும் கேள்வியில் எக்ஸ் என்றதும் ஒன்று, இரண்டு, மூன்று என்றே போட்டுப் பார்ப்போம். பூஜ்யம், மைனஸ், அரை, இந்த மூன்றையும் போட்டுப் பார்த்தபின் விடையைத் தொடுங்கள். தேர்வு நடத்துபவர்களே தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வு இரண்டு இலவசம், ஒன்றை இப்போது எழுதுங்கள், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்புவரை தொடாமல் வைத்திருங்கள். சரியாக வராவிட்டால் 21 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், ஆனால் காசு உங்களுடையது.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும். எந்தப் பெயரில் ஜிஆர்இ பதிவு செய்வது?
*– வாசகி, திருவொற்றியூர்*

பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல். தேர்வு மையத்தில் அதைத்தான் ஒப்பிடுவார்கள், "எங்க ஊர்ல இனிஷியல்தான் மேடம்" என்று அங்கே பாடம் எடுக்க முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப்பெயர் இடம் காலி என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே தேர்வு நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் ப்ளஸ் டூ முடித்து ஒரு நுழைவுத் தேர்வு, அத்தோடு சரி. இப்போது பேரப்பிள்ளைகள் பெயரே வாயில் நுழையாத பத்துப் பரீட்சை எழுதுகிறார்கள். எதற்கு?
*– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்*

நீங்கள் சொல்வது டிஎன்பிசிஇஇ ஐயா. அதையும் 2007 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள், நம் மாநிலத்தில் பொறியியலுக்கு இன்றைக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்தான். மருத்துவத்துக்கு நீட், மத்திய நிறுவனங்களுக்கு அவரவர் தேர்வு என்று மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. பத்தும் எழுத வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை, இரண்டு போதும். மீதி எட்டு பக்கத்து வீட்டுப் பையன் எழுதுகிறான் என்பதற்காக எழுதுவது, அதை நிறுத்த உங்களால் முடியும், தாத்தா சொன்னால் சில வீட்டில் எடுபடும்.

தேர்வு மையத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?
*– மாணவி, மணலி*

சென்னை என்று போட்டிருந்தாலும் மையம் நகரத்தின் எந்த ஓரத்திலும் விழலாம், உங்களுக்கு அது மறு ஓரமாகத்தான் இருக்கும். முந்தின வாரம் அதே நாள், அதே நேரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் அந்தச் சாலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, விம்கோ நகர் வந்து மெட்ரோ பிடித்துவிடுங்கள். முந்தின ராத்திரி பர்மா பஜார் அத்தோ வேண்டாம், தேர்வு முடிந்த அன்றைக்கு இரண்டு தட்டாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.